வேர்க்கடலைக்கு ஒரு வேண்டுதல்

போன வாரம் ஆயுத பூஜை. எங்கள் ஆரணித் தெருவில் அன்றைக்குத் தறிகளுக்கு ஓய்வு. சந்தனம், குங்குமம் வைத்து, பொரி படைத்து, வீடு வீடாக வரும் பிள்ளைகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுப்பார்கள். பொரியோடு வெல்லம், தேங்காய்... வேர்க்கடலை!

அந்தக் கடைசிச் சாமான்தான் எனக்குப் பகை.

என் மகள் மீனாவுக்கு நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது முழங்கை மடிப்பில் கரப்பான் படை, ஓயாத அரிப்பு. பிறகு ஒரு நாள் வேர்க்கடலைச் சட்னியை நக்கியதும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. இப்போது மழைக்காலம் வந்தால் மூச்சு இழுப்பு. கர்ப்பத்தில் நான் எதையாவது சாப்பிட்டுத் தொலைத்தேனா?

வேலூர் டாக்டர் சிரித்தார். "எல்லாம் ஒரே அலர்ஜிக் குடும்பம்மா. ஒண்ணு வந்தா மத்ததும் எட்டிப் பார்க்கும். வீட்ல யாருக்காவது அடுக்குத் தும்மல் உண்டா?"

என் கணவர் அந்த நேரம் பார்த்துத் தும்மினார்!

"தப்பு யார் மேலயும் இல்ல. வளர வளர இழுப்பு குறையலாம். வேர்க்கடலை மட்டும் வாயில படவே கூடாது."

அன்றிலிருந்து வீட்டில் கடலை எண்ணெய்கூடக் கிடையாது. நல்லெண்ணெய்தான்.

ஆனால் தெரு? சுற்றிலும் வேர்க்கடலை விளைகிற ஊர். 'அலர்ஜி' என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு வாய் துன்னா இன்னா ஆயிடும்? நாங்கல்லாம் துன்னுகினு வளரல?" என்றார் எதிர்வீட்டு சரோஜா அக்கா. சரி என்று, "வேண்டுதல் அக்கா, மீனா வேர்க்கடலை தொடக் கூடாது" என்றேன். அவ்வளவுதான்... டாக்டருக்குக் கிடைக்காத மரியாதை சாமிக்குக் கிடைத்தது.

பூஜையன்று நான் விளக்கேற்றித் திரும்புவதற்குள் மீனா பிள்ளைகளோடு ஓடிவிட்டாள். எதிர்வீட்டுக்கு ஓடினேன். சரோஜா அக்காவின் கையில் வேர்க்கடலை கலந்த பொரி – மீனாவின் வாயருகே!

"வேண்டுதலா? இதுவே சாமி பிரசாதம்டி கண்ணு. சாமி கோச்சுக்காது, துன்னு."

நான் கத்த வாயெடுப்பதற்குள் மீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாமி இல்ல பெரிம்மா. துன்னா எனக்கு மூச்சு முட்டும். ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அக்காவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். "நெஜமாவா?"

"அப்பவே சொன்னேனே அக்கா, அலர்ஜின்னு..."

"அலர்ஜி கிலர்ஜின்னா எனக்கு இன்னாம்மா தெரியும்? இந்தக் கொழந்த சொல்ற கணக்கா, மூச்சு முட்டும்னு நீ சொல்றதுக்கு இன்னா? சாமிய இழுத்துகினு நிக்கற!"

கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழம் பிய்த்துக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. என்னைவிட அக்காவுக்கு வாய் பெரிது!

வரும் ஜூனில் மீனாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா, இன்னும் ஒரு வருடம் மடியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். வாத்தியாரம்மாவிடம் நான் சொல்வேன்தான். ஆனால் பக்கத்தில் உட்காரும் பிள்ளை தின்பண்டம் நீட்டும்போது, அங்கே நானா இருக்கப் போகிறேன்? அவளுக்கே தெரிந்திருக்கிறது. சேர்க்கத்தான் போகிறேன்.

நேற்று கடையில் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சரோஜா அக்காவின் குரல்: "நல்லெண்ணெய்தானே? எங்க, மோந்து பார்க்கறேன், இப்படிக் குடு!"