சிவப்புக்குள் தம்பியின் வீடு

தம்பியின் வீடு எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் என் போனுக்கு வந்தபோது, நான் பளைக்கு அங்கால் ஒரு தென்னங்காணியில் மிதிவெடி தேடும் வேலையில் இருந்தேன். பத்துமணி ஓய்வு. முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, தறப்பாள் பந்தலுக்குக் கீழே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வேலை நடக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். எல்லாருடைய போனும் பந்தலில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். ஓய்வுக்கு வந்து எடுத்துப் பார்த்தால்தான் உலகத்தில் என்ன நடந்தது என்று தெரியும்.

படத்தின் நடுவில் ஒரு மலை. மலையைச் சுற்றிச் சிவப்பு, அதற்கு வெளியே செம்மஞ்சள், அதற்கும் வெளியே மஞ்சள். சிவப்பின் விளிம்புக்குச் சற்று உள்ளே தம்பி ஒரு நீலப் புள்ளி வைத்திருந்தான். "இதுதான் அண்ணை எங்கடை வீடு" என்று கீழே எழுதியிருந்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படத்தின் ஓரத்தில் இருந்த எழுத்துகள் எதுவும் எனக்கு ஓடவில்லை. ஆனால் சிவப்பை எனக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. ஒவ்வொரு காலையும் வேலைக்கு இறங்க முன்னர் எங்கள் சுப்பவைசர் எல்லோரையும் ஒரு பலகைக்கு முன்னால் நிறுத்தி அன்றைய நிலத்தைக் காட்டுவார். சிவப்பு, வெடி இருக்கிற நிலம். வெள்ளை, பார்த்து முடித்த நிலம். வெளியில் நிலத்திலும் அப்படித்தான், தலையில் நிறம் பூசிய கட்டைகள் நட்டிருக்கும். சிவப்புத் தலைக் கட்டைக்கு அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. வெள்ளைத் தலைக் கட்டைக்கு இந்தப் பக்கம் படுத்து நித்திரை கொள்ளலாம். தேத்தண்ணீரை வைத்துவிட்டு, புள்ளிக்கும் சிவப்பின் விளிம்புக்கும் இடையே விரல் வைத்துப் பார்த்தேன்.

தம்பி சண்டை முடிந்த சில வருடங்களில் படகேறிப் போனவன். வேறொரு நாட்டுக்கென்று புறப்பட்ட படகு இந்தோனேசியாவில் ஒரு கரையோடு நின்றுவிட்டது. அங்கே அகதியென்று பெயரைப் பதிந்து காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தான். காத்திருந்த இடத்திலேயே ஒரு பெண்ணைக் கட்டி, ஒரு மகளும் பிறந்துவிட்டாள். போவதற்கு முதல்நாள் உருத்திரபுரத்தில் என் வீட்டு முற்றத்தில் நின்று அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "பளைக் காணியை விடட்டும் அண்ணை. விட்ட கிழமையே நான் வந்து நிப்பன்."

பளையில் எங்களுக்கு அப்பா விட்டுப்போன தென்னங்காணி ஒன்று இருந்தது. எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. அந்தப் பக்கம் முழுவதும் வெடி புதைந்து கிடந்ததால் வருடக்கணக்காக யாரும் உள்ளே போகவில்லை. வெடியை எடுத்து முடித்துக் கடிதம் தந்தால்தான் காணியை விட்டதாகக் கணக்கு. நான் உருத்திரபுரத்தில் மனைவியின் குடும்பத்தாருடைய வயலில் வேலை செய்துகொண்டிருந்தேன். மிதிவெடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. நானும் காரணத்தைச் சொல்லவில்லை. காணி விடுபடும் நாளை என் கையாலும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம் என்ற ஆசைதான் காரணம். எங்கள் காணி வேறொரு குழுவின் பொறுப்பில் இருந்தது. நான் பார்த்ததெல்லாம் மற்றவர்களுடைய காணிகள். ஆனாலும் ஒவ்வொரு அடியும் அந்தத் திசைக்கே போவது போல எனக்குப் படும்.

தம்பிக்கு அங்கே கிடைத்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். எரிமலைகளை அளந்து வரைபடம் போடும் ஒரு குழுவுக்குச் சாமான் தூக்கப் போனான். அவன் இருக்கும் தீவுகள் கடலில் வில்லுப் போல வளைந்து வரிசையாக நிற்கின்றனவாம். வரிசை நெடுக எரிமலைகள். மலை வெடித்தால் நெருப்புச் சேறு எந்த ஆற்றால் இறங்கும், சாம்பல் எந்தப் பக்கம் விழும், எந்த ஊர் முதலில் போகும் என்று நடந்து நடந்து கீறுவார்கள். அதோடு, நிலத்துக்கடியில் எங்கே சூடு கூட என்றும் பார்ப்பார்கள். அந்த ஆவியில் மின்சாரம் எடுக்கலாம். முதலில் பெட்டி தூக்கியவன், பிறகு நிலத்தில் நீளக் கம்பியை இறக்கிச் சூடு பார்க்கப் பழகிவிட்டான்.

நானும் வேலையில் கம்பியால் மண்ணைச் சரித்துக் குத்தித்தான் பார்ப்பேன். அதைச் சொன்னபோது அவன், "நீங்கள் இரும்பு தேடிக் குத்துறியள், நான் சூடு தேடிக் குத்துறன். அம்மா பெத்தது ரெண்டும் மண்ணைக் குத்தித்தான் சாப்பிடுது" என்றான். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "ஒருத்தர் நெருப்பு மலையிலை, ஒருத்தர் வெடிக் காணியிலை. நல்ல குடும்பம் பாத்துத்தான் எனக்குக் கலியாணம் பேசினவை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

வரைபடம் வந்த அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் தம்பியை அழைத்தேன். எனக்குப் போனில் கதைக்க வராது. வழக்கமாக அவன் கதைப்பான், நான் ஓம் போடுவேன். அன்றைக்கு நானாக எடுத்ததில் அவனே பயந்துபோனான். நான் மனதில் அடுக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "புள்ளியிலையிருந்து சிவப்பு முடியிற கோட்டுக்கு ரெண்டு விரல்தான் கிடக்கு. கொட்டில் வீட்டைப் பிடுங்கிக் கோட்டுக்கு அங்காலை போடு. ஒரு நாள் வேலை."

அவன் சிரித்தான். மனைவியைக் கூப்பிட்டு அவளுடைய பாஷையில் ஏதோ சொன்னான். அவளும் சிரித்தாள். அந்த இரண்டு விரல், மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியால ஓட்டமாம். எங்கள் பலகையில் இரண்டு விரல் என்றால் இருபது அடி. கட்டை நட்ட கோட்டைத் தாண்டிவிட்டால் பிறகு பயமில்லை. எந்த வரைபடமும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் கேட்க வந்தது அதுவல்ல என்பதால் போனை வைக்கவும் மனமில்லை.

"சரி, அந்தச் சிவப்பை எப்ப எடுத்து முடிப்பினம்?" என்று கேட்டேன்.

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "இது எடுக்க ஏலாத சாமான் அண்ணை" என்றான்.

சாமான் என்பது எங்கள் வேலைச் சொல். காணிக்குள் நிற்கும்போது நாங்கள் மிதிவெடியை அதன் பெயரால் சொல்வதில்லை. "சாமான் ஒண்டு கிடக்கு" என்போம். என்னிடம் கேட்டுத்தான் அவன் அதைப் பழகியிருந்தான். அங்கேயும் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். மலை புகைந்தால், உறுமினால், வெடிக்கப்போகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். "பெரியவர் இருமுறார்" என்பார்களாம். நாங்கள் கொப்புளிப்பான் நோயை அம்மாள் வருத்தம் என்று சொல்கிற மாதிரி. வந்தவளைக் கோபப்படுத்தக்கூடாது என்ற அதே பயம்தான்.

அதற்குப் பிறகு எங்கள் கதை கூடியது. கிழமைக்கு ஒருதரம் என்பது இரண்டாகியது. அவனுக்கு ஒரு கவலை இருந்தது. படம் அழகாக அச்சடித்து ஊர் மண்டபத்தில் ஒட்டியிருக்கிறார்கள். சனம் அதைப் பார்ப்பதேயில்லை. சாம்பல் விழுந்த மண்ணில் மிளகாய் இடுப்பளவு வளர்கிறது, அதை விட்டு ஏன் ஓடவேண்டும் என்று கேட்கிறார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் தெரியாது. ஒருநாள் பெரியவர் இருமியபோது பாதிப்பேர் ஆற்றுப் பள்ளத்தால் இறங்கிப் போனார்களாம். அது சிவப்பிலும் சிவப்பு.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மீள்குடியேறி வந்த எங்கள் சனமும் பலகையைப் பார்க்கவில்லை. விறகுக்குப் போனார்கள், மாட்டைத் தேடிப் போனார்கள். கடைசியில் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து காட்டத்தான் வேண்டியிருந்தது. "கடதாசியைக் காட்டாதை. கட்டை நடு. போகக்கூடாத பள்ளத்துக்குச் சிவப்புத் தலை, ஓடுற பாதைக்கு வெள்ளைத் தலை. பிறகு அந்தப் பாதையாலை ஒருக்கால் சனத்தைக் கூட்டிக்கொண்டு போ. கால் ஒருக்கால் போனால் மறக்காது." என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அப்படியே செய்தான். குழுவின் பொறுப்பாளர்களிடம் கேட்டு, பழைய வாளியில் வர்ணம் கரைத்து, தானே மூங்கில் வெட்டி நட்டான். மலைச்சரிவில் வெள்ளைத் தலை மூங்கில்கள் வரிசையாக இறங்கும் படத்தை அனுப்பினான். ஓய்வு நேரத்தில் எங்கள் பந்தலில் எல்லோருக்கும் காட்டினேன். சுப்பவைசர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கட்டைக்குக் கட்டை இடைவெளி கூடிப்போச்சு, தம்பிட்டைச் சொல்லுங்கோ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மூங்கில்கள் அவனை அங்கே எவ்வளவு ஆழமாக நடுகின்றன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் காணி சென்ற வருடம் மாரிக்கு முன்னர் விடுபட்டது. கடிதத்தை வாங்கிக்கொண்டு அடுத்தநாள் தனியாகத்தான் போனேன். தென்னைகள் அநேகமாக இல்லை. தலையில்லாமல் நின்ற மூன்று நான்கு மரங்களும் உக்கிப்போயிருந்தன. கிணற்றுக்குள் பற்றை. ஆனால் நிலம் வெறும் நிலமாக இருந்தது. எங்கே வேண்டுமானாலும் கால் வைக்கலாம். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் முதலில் ஓரத்தாலேயே நடந்தேன். பிறகு வேண்டுமென்றே நடுவில் போய் நின்று தம்பியை வீடியோவில் அழைத்தேன்.

போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கோ... அந்த மேடு இருக்கே? அப்பா தேங்காய் உரிக்கிற அலவாங்கு அதிலைதான் நட்டிருந்தது" என்றான். மேடு இருந்தது. நான் அதன் மேல் ஏறி நின்றேன். அவனுடைய மகள் போனுக்குள் எட்டிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் ஒளித்துக்கொண்டாள். என்னைப் போல, கூச்சம்.

பன்னிரண்டு வருடமாக நான் ஒரு சொல்லைச் சொல்லவில்லை. அவன்தான் வருவேன் என்று சொன்னவன், அதனால் நான் கேட்கத் தேவையில்லை என்று இருந்தேன். கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவானோ என்ற பயமும் இருந்தது. அன்றைக்கு மேட்டில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன்.

"வாவன்ரா."

அவன் போனைக் கொஞ்சம் கீழே இறக்கினான். அவனுடைய நெற்றியும் பின்னால் மலையின் ஒரு துண்டும்தான் தெரிந்தன. "இஞ்சை எங்களோடை சேர்த்து நாப்பது வீடு அண்ணை" என்றான். "பெரியவர் இருமினால் எல்லாரும் முதலிலை என்ரை வாசலுக்குத்தான் வருகினம். கட்டை நட்டவன் நான். ஓடுற நேரம் முன்னுக்கு நான் நடக்கவேணும் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம். என்னண்டு வாறது?"

நான் சரி என்றேன். அவன் சொன்னது பிழையென்று எனக்குப் படவில்லை. பிழையென்று பட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும். "என்ரை பங்கையும் நீங்களே வைச்சிருங்கோ" என்றான். நான் மேட்டிலிருந்து இறங்கினேன். பிறகு மழையைப் பற்றிக் கதைத்தோம். இங்கே இன்னும் தொடங்கவில்லை, அங்கே விடவில்லை.

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிமார் வேலிக்குச் சண்டை பிடிக்காத குடும்பம் குறைவு. ஒரு சாண் நிலத்துக்கு வருடக்கணக்காகக் கதையாமல் இருப்பார்கள். நான் எந்தச் சண்டைக்கும் போகாதவன். ஆனால் அந்த மாதம் முழுவதும் எனக்கு அந்த ஒரு சண்டைக்குத்தான் ஆசையாக இருந்தது. ஒரு காலையில் தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "அண்ணை, வேலிக் கதியாலை என்ரை பக்கம் தள்ளிப் போட்டிட்டியள்" என்று ஊர் கேட்கக் கத்தவேண்டும். நான் இல்லையென்று சொல்லவேண்டும். இரண்டுபேரும் கயிறு பிடித்து அளக்கவேண்டும்.

மழை தொடங்கியதும், நட்டால் துளிர்க்கும் கிளுவங்கதியால் தடிகள் வெட்டிக்கொண்டு போய்க் காணியை நடுவால் பிரித்து வேலி போட்டேன். மனைவி கதியால் ஒன்றைப் பிடித்தபடி, "இல்லாத ஆளுக்கு என்னத்துக்கு வேலி? சும்மா விட்டால் ஒரே காணியாக் கிடக்குமெல்லே" என்றாள். ஒரே காணியாகக் கிடந்தால் அவனுடைய பங்கு எங்கே என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். நான் அளவுக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கதியாலை எடுத்து நீட்டினாள். பிறகு கயிற்றைப் பார்த்து, "உங்கடை பக்கம் ஒரு சாண் கூடிப்போச்சு, அவருக்குச் சரியா விடுங்கோ" என்றாள். பிடுங்கித் தள்ளி நட்டேன்.

கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பொட்டு விட்டோம். சொந்தக்காரர் வீடுகளுக்கு நடுவே வேலியில் விடும் சின்ன வழியைத்தான் எங்கள் பக்கம் பொட்டு என்போம். ஊரவர் முன்வாசல் படலையால் வருவார்கள், உறவுகள் பொட்டால் போய்வருவார்கள். இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தென்னம்பிள்ளை வைத்திருக்கிறேன். வேலையில்லாத ஞாயிறுகளில் பஸ்ஸில் பளைக்குப் போய், முதலில் என் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றுவேன். பிறகு பொட்டால் குனிந்து அவன் பக்கம் போய் மற்றதுகளுக்கும் ஊற்றிவிட்டு வருவேன்.