இடப்பக்கத்து ஸலாம்

ஏணி உச்சியில் நின்று, இரண்டு கைகளையும் விட்டுவிட்டுப் பீடி பற்றவைப்பவர் என்று மடவளையில் மக்கீனுக்குப் பெயர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். ஸெய்னுலாப்தீன் வேலை பிடிப்பார், மக்கீன் ஏறுவார். இருவருக்கும் தாடி கறுப்பாக இருந்த காலந்தொட்டு அப்படித்தான். மனைவி மௌத்தாகி அடக்கமாகி, மகள் ரிப்காவும் கடுகண்ணாவைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, மக்கீன் வாய்விட்டுப் பேசியதெல்லாம் ஸெய்னுலாப்தீனோடுதான். அதுவும் பெரும்பாலும் மேலேயிருந்து கீழே.

மழைநாளில் மூக்கடைத்து ஒரு தடிமல் பிடித்தது. அது இறங்குகிற சமயம், ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பியவரை வீடு தூக்கிச் சுழற்றியது. அலுமாரி கூரைப் பக்கம் போனது. தரையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். கண்ணை மூடினாலும் சுழற்சி நிற்கவில்லை. இடது காதுக்குள் கேத்தல் கொதிப்பது போல ஓர் இரைச்சல். அந்தக் காதில் அதைத் தவிர வேறெதுவும் இல்லை.

கண்டியில் டொக்டர் தர்ஷனா நிதானமாகச் சொன்னார். "உள்காதுல அழற்சி ஐயா. நாம கேக்கிறதுக்கும் விழாம நிக்கிறதுக்கும் அங்கதான் இடம், பக்கத்துப் பக்கத்து அறை மாதிரி. ஒங்களுக்கு ரெண்டும் அடிபட்டிருக்கு. தலைசுத்து மெல்லக் குறையும். இந்தக் காது திரும்பக் கேக்குமான்னு சொல்ல ஏலாது."

"ஏணியில ஏறலாமா?"

"இப்ப வேணாம். இருட்டுல நடக்கிறதுக்கே கவனமா இருங்க."

ஊரில் அவர் தலைச்சுற்று என்று மட்டும் சொல்லிக்கொண்டார். தலைச்சுற்று வரும், போகும். காது செத்த ஆளை யார் ஏணியில் ஏற்றுவார்கள்? கீழேயிருந்து போடுகிற சத்தம் மேலே கேட்க வேண்டுமே.

டொக்டர் காட்டிய பயிற்சியைத் தவறாமல் செய்தார். பெருவிரலைக் கண்ணுக்கு நேரே நிறுத்தி, அதைப் பார்த்தபடியே தலையை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். ஆளில்லாத வீட்டில் தன் விரலையே பார்த்து மாட்டேன் மாட்டேன் என்பது போல இருக்கும். சுழற்சி குறைந்தது. நடக்கையில் சாய்வது மட்டும் போகவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகும்போது வலப்பக்க மதிலில் விரல்களை ஓட்டிக்கொண்டே போவார். ஆகவே தெரு முழுவதும் அவருடைய கேளாத பக்கத்தில் இருந்தது.

முதலில் பார்க்க வந்தவர்கள் பிறகு வரவில்லை. நோயாளி வீடென்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். ஆனால் ஸெய்னுலாப்தீனும் வரவில்லை. பெயின்ட் வாளிகளை ஏற்றிய அவருடைய ஆட்டோ வாசலைக் கடந்துபோவதை மக்கீன் ஜன்னலால் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னவன் தேத்தண்ணிக் கடை நுஸ்கி.

"என்ன மக்கீன் நானா, ஸலாத்துக்குப் பதில் செல்றதுக்கும் இப்ப கூலி கேக்கிறீங்களாம்?"

"என்னடா பேச்சு இது?"

"ஸெய்னுலாப்தீன் நானா ஒவ்வொரு மஃரிபுக்கும் தன்ட வாசல்ல நின்டு ஒங்களுக்கு ஸலாம் செல்றாராம். நீங்க மதிலப் பாத்துட்டுப் போறீங்களாம். பல்லேகல வேலைக்கு வேற ஆள எடுத்த கோவம் என்டு ஊரே பேசுது."

தேத்தண்ணி ஆறும்வரை மக்கீன் அதைத் தொடவில்லை. கோபமென்றே இருக்கட்டும் என்று விட்டால், கோபம் ஒருநாள் ஆறும், ஏணியும் கிடைக்கலாம். காதென்று சொன்னால் ஏணி போய்விடும். ஆனால் ஸலாத்துக்குப் பதில் சொல்லாதவன் என்ற பெயரோடு தொழுகை ஸப்பில் யாருடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நிற்பது?

அஸர் தொழுகை முடிந்து நேரே போனார். ஸெய்னுலாப்தீன் முற்றத்தில் குந்தியிருந்து பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தார். மக்கீன் சொன்ன ஸலாத்துக்கு உதடு மட்டும் அசைந்தது.

"ஏணி கேக்க வந்தியா?"

"இல்ல. காது போயிட்டு மச்சான்."

குச்சி வாளிக்குள் நின்றது. "எந்தக் காது?"

"இடது. நீ ஸலாம் செல்ற பக்கம்."

"அட மடையா! ஊட்டுக்காரி அபீபாக்கிட்ட ஒன்ன எவ்வளவு ஏசிட்டன் தெரியுமா?" ஸெய்னுலாப்தீன் எழுந்து வலப்பக்கம் சுற்றிவந்து அலறினார். "அஸ்ஸலாமு அலைக்கும்! கேக்குதா?"

"வஅலைக்குமுஸ்ஸலாம். கத்தாத, இந்தக் காதையும் கெடுத்துப்போடாத."

இருவரும் சிரித்தார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தியவர் ஸெய்னுலாப்தீன். சுவரில் சாய்ந்திருந்த ஏணியை மக்கீன் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

"ஏலாது மச்சான். நீ விழுந்து, ஒன்ட மய்யித்தத் தூக்க எனக்கு ஏலாது. கீழ வேல தாரன், வா."

பல்லேகல வீட்டில் கீழ்த்தட்டு ஜன்னல் கம்பிகள் மக்கீனுக்கு வந்தன. தாழ்ந்த முக்காலியில் இருந்து ஒவ்வொரு கம்பியாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே ஏணியில் புதிய ஆள். யாரோ எதற்கோ சிரித்தார்கள். மேலேயா, பின்னாலா, பக்கத்து அறையிலா என்று ஒரு காதுக்குத் தெரியவில்லை. சட்டென்று திரும்பினார், அறை சற்றுப் பிந்தித் திரும்பியது. கையில் அகப்பட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு அது நிற்கக் காத்திருந்தார். அறையில் ஒருவருமில்லை.

பிடித்தது ஈரக் கம்பி. விரல்கள் பதிந்த இடத்தின்மேல் மறுபடியும் பிரஷ்ஷை ஓட்டினார்.