ஈரத்தோடு ஏறும் வண்டி

நனைந்த சேலையோடு ஏறி உட்காரவிடுகிற வண்டி தென்காசியில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பழைய ஜீப். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஒரு பார்வை பார்ப்பார். ஆட்டோக்காரர் நாம் இறங்குமுன்பே சீட்டைத் துடைக்கத் துணியை எடுத்துவிடுவார். குற்றாலத்து அருவிக்கரையில் அத்தனை பேருக்கு நடுவே சேலை மாற்ற எனக்கு வராது. கூச்சம். அதனால் ஆனி ஆடிச் சாரல் தொடங்கிவிட்டால், விடியும்போதே பழைய குற்றாலத்துக்குப் போய் நனைந்து, சொட்டச் சொட்ட ஜீப்பின் பின்பக்கம் சாக்கை விரித்து உட்கார்ந்து, வீட்டுக்கு வந்துதான் மாற்றுவேன். வருஷத்தில் நான் ஆசைப்பட்டுப் போகிற இடம் அது ஒன்றே.

போன வருஷம் ஜீப்பின் தரையில் ஓட்டை விழுந்தது. உட்கார்ந்தபடியே குனிந்தால் ரோடு ஓடுவது தெரிந்தது. மெக்கானிக் வந்து விரலை விட்டுப் பார்த்தார். தகரம் அப்பளமாக உதிர்ந்தது.

"ஏட்டையா, மத்த எடமெல்லாம் பரவால்ல. இந்த மூலையில மட்டும் ஏன் இப்படி அரிச்சிருக்கு?"

ஏட்டையா என்றது என் வீட்டுக்காரரை. போலீஸ் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த மூலைதான் நான் உட்காருகிற மூலை. நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மெக்கானிக் சொன்னது கதவுக்குப் பின்னால் கேட்டது. மேலே ஒட்டுப் போட்டால் நிற்காதாம். சக்கரமும் எஞ்சினும் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தோடு இருக்கும், பாடி அதன்மேல் வைத்த தகரத்தொட்டி மாதிரி. தொட்டியைத் தனியாகத் தூக்கினால்தான் அடித்துருவைச் சுரண்ட முடியும்.

"ஆனா ஒண்ணு. தூக்கும்போது ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தினா பாடி முறுக்கிரும். அப்புறம் கதவு சேராது. பழைய இரும்புக் கடைக்குத்தான் போவணும்."

என் சேலைத் தண்ணீர்தான் இதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது. இரும்புக் கடைக்குப் போனால் என் அருவியும் அதோடு போய்விடும்.

கிரேன் எங்கள் சந்துக்குள் வராது. என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். திருவிழாவில் அம்மனை வைத்துத் தெருவில் தோளில் சப்பரம் தூக்குகிற எட்டுப் பேரைக் கூப்பிடுவது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"ஏட்டையா, இது சாமி இல்ல, தகரம்."

"சாமியவே சாயாம தூக்குதவன் தகரத்தத் தூக்க மாட்டானாவே?"

இரண்டு நாள் மெக்கானிக் ஆயத்தம் செய்தார். பேட்டரியைக் கழற்றினார், வயர்களை அவிழ்த்தார், ஸ்டியரிங் தண்டைப் பிரித்தார், டீசல் குழாயை அடைத்தார். கதவுகளைக் கழற்றி, அந்த இடைவெளிகளில் உள்பக்கமாகக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு அடித்தார், பாடி மடங்காமல் இருக்க. போல்டுகளைக் கழற்றி என் முறுக்கு டின்னில் போட்டார். மொத்தம் பன்னிரண்டு என்று அவர் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் டின்னைப் பார்த்தால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினொன்றுதான் இருந்தது.

நேரே சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரர் காதில் போய்ச் சொன்னேன். அவர் சத்தமாக, "ஒரு போல்டு குறையுதுன்னு சொல்லுதா" என்றார். மெக்கானிக் அடியில் படுத்துத் தேடினார். என் மூலைக்கு அடியிலேதான் இருந்தது, கழற்றாமலே, துருவோடு துருவாக.

"ஆச்சி, இத வச்சுக்கிட்டுத் தூக்கியிருந்தா பாடி ரெண்டாயிருக்கும்" என்றார். நான் சுவரைப் பார்த்தபடி டின்னை நீட்டினேன்.

மறுநாள் காலையில் எட்டுப் பேரும் குளித்து, திருநீறு பூசி வந்தார்கள். ஜீப் தூக்க எதற்குக் குளித்தார்கள் என்று எனக்கு அப்போதே சிரிப்பு. பாடிக்கு அடியில் குறுக்கே கட்டைகள் கொடுத்து, இரண்டு பக்கமும் சப்பரத் தண்டைக் கட்டினார்கள். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். தூக்கி, ஏழெட்டு அடி நடந்து நிற்க வேண்டும். நின்றதும் அடியில் நாலு டிரம்மை உருட்டிக் கொடுக்க மெக்கானிக்கும் என் வீட்டுக்காரரும் தயார்.

முன்தண்டில் நின்ற தேங்காய்க் கடைக்காரர் "ஏஏ" என்று இழுத்தார். எட்டுப் பேரும் "ஏய்" என்றார்கள். பாடி பூப்போலக் கிளம்பியது. எஞ்சினும் சக்கரமும் அம்மணமாகக் கீழே நின்றன. மெக்கானிக் கும்பிட்டார். அடி ஒன்று, இரண்டு, ஏழு, எட்டு. நிற்கவில்லை.

தண்டு தோளில் ஏறியதும் கால்கள் பழைய ஞாபகத்துக்குப் போய்விட்டன. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, வலப்பக்கம் திரும்பி, சப்பரம் ஆடுகிற அதே ஆட்டத்தோடு ஜீப் போனது. எதிர்வீட்டு அம்மாள் செருப்பைக் கழற்றினாள். என் வீட்டுக்காரர் ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"எங்கவே போறிய? நில்லு" என்று பரேடு குரலில் ஒரு சத்தம் போட்டார்.

அதுதான் தப்பாகிவிட்டது. பின்னால் வந்த இரண்டு பேர் மட்டும் அது காதில் விழுந்து நின்றார்கள். மற்ற ஆறு பேரும் போனார்கள். பாடி 'கிரீச்' என்றது. மெக்கானிக் தலையில் கையை வைத்தார். பயந்து அந்த இருவரும் திரும்ப நடந்தார்கள். தெருமுனையில் கரண்டுக் கம்பம், அங்கே திருப்பம் வேறு.

சப்பரம் தீபாராதனை மணிக்குத்தான் நிற்கும் என்று அந்தத் தெருவில் பிறந்த பூனைக்கும் தெரியும். காதில் போய்ச் சொல்ல வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லை. பூஜை மணியை எடுத்தேன். முந்தானை எங்கே போனது, கொண்டை எப்போது அவிழ்ந்தது, ஒன்றும் தெரியாது. ஓடி, ஜீப்புக்கு முன்னால் நடுத்தெருவில் நின்று, கணகணவென்று அடித்தேன்.

எட்டுப் பேரும் ஒரே அடியில் நின்றார்கள். ஒரு முடி முன்னே பின்னே இல்லை. தேங்காய்க் கடைக்காரர் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆச்சி, சூடம் எங்க?"

"எண்ணே, அது ஜீப்பு" என்றேன். அத்தனை ஆண்களுக்கு முன்னால் நான் சத்தமாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் தலையைத் திருப்பித் தண்டைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். "ஏலே, எங்கல வந்து நிக்கோம்?" என்றார். பின்தண்டில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார், தண்டு குலுங்கியது. "சிரிக்காதல, முறுக்கிரும்" என்று மெக்கானிக் கெஞ்சினார். டிரம்கள் வந்து அடியில் நின்றபிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். நான் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். மெக்கானிக் கதவைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தார். இழுத்துச் சாத்தியதும் 'டக்' என்று சேர்ந்தது.

அதே சிரிப்பில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அந்த மூலை அரிச்சது என் ஈரச்சேலையிலதான்."

என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "எனக்குத் தெரியாதாக்கும். சாக்கு நாறுத நாத்தத்துலயே தெரியுமேட்டி" என்றார்.

திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகும்போது நான்தான் முன்னால் மணியோடு நடந்தேன். வாசலில் அடித்தேன், நின்றார்கள். சுண்டல் கேட்டார்கள், அவித்துக் கொடுத்தேன்.

இந்தச் சாரலுக்கு வண்டி தயார். புதுத் தகரத்தில் என் மூலையில் மட்டும் மெக்கானிக் விரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்.

"ஆச்சி, தண்ணி இதுவழியாப் போயிரும். பயப்படாம நனைஞ்சிட்டு வாங்க" என்றார்.

பழைய குற்றாலத்திலிருந்து திரும்பும்போது குனிந்து பார்த்தேன். ஓட்டை வழியாக நான் சொட்டிக்கொண்டே வருவது ரோட்டில் தெரிந்தது.