வேட்டி கட்டிய பட்டம்

போன மாதம் குடும்பத்தோடு ஒரு தீவுக்கு விடுமுறைக்குப் போனோம். திருச்சி விமான நிலைய வாசலில், என் அக்கா மகனும் கார் ஓட்டி வந்தவருமாக ஆள் உயரப் பை ஒன்றை ஆளுக்கொரு பக்கம் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் நின்று கடலில் சறுக்குகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதே, அதற்கான சாமான்கள். அதைப் பார்த்ததும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. கை தானாகக் குவிந்தது.

"ஏங்க, செருப்பைக் கழட்டச் சொல்ற எடம் இன்னும் உள்ள இருக்குங்க" என்றாள் மனைவி.

அவளுக்கு எப்படிச் சொல்வேன்? இதே மாதிரி ஒரு மூட்டைக்கு முன்னால், பதினோரு வயதில், பானையும் கையுமாக நடந்தவன் நான்.

அப்போது நாங்கள் மணப்பாறையில் இருந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஏதோ ஒரு தீவில் ஹோட்டல் வேலையில் இருந்தார். என்ன வேலை மாமா என்று கேட்டால், "அங்க எல்லாமே நாமதான்" என்பார். அந்த வருடம் ஆடி மாதம் லீவில் வந்தவர் செண்டு பாட்டிலோடும் பிஸ்கட் டப்பாவோடும் நிற்காமல், நீளமான ஒரு பையையும் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் அவருடைய திறமையைப் பார்த்து அன்பளிப்பாகக் கொடுத்தாராம். அலைமேல் தான் பறந்த கதைகளை மாமா சொன்னபோது, மணப்பாறைத் தெருவில் உப்புக்காற்று அடித்தது.

அம்மா மட்டும் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "நீ கெணத்துல எறங்கச் சொன்னாலே அழுவியேடா?"

"அக்கா, அது மணப்பாறைக் கெணறு. இது இன்டர்நேஷனல்."

ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் ஸ்ரீரங்கத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா அதற்குமேல் எங்களை எங்கும் சுற்றுலா கூட்டிப்போனதில்லை. "ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கொள்ளிடம். ஸ்ரீரங்கமும் தீவுதானே! உங்க மாமனுக்கு மட்டும்தான் தீவா?" என்று கிளப்பிவிட்டார். மாமா பிடித்துக்கொண்டார். காவிரிப் படித்துறையில் கூட்டம் இருக்கும், கொள்ளிடத்தில் இறங்கிக் காட்டுகிறேன் என்று அறிவித்துவிட்டார்.

அறிவிப்பு வந்த நிமிடத்திலிருந்து என் வயிறு சரியில்லை. பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு உலரும். எனக்குக் கொல்லைப்பக்கம் போகவேண்டும். கொள்ளிடத்துக்குக் கிளம்புவதற்குள் நாலு தரம் போய்விட்டேன்.

பையின் ஜிப் அறுந்திருந்தது. அதனால் அப்பாவின் பழைய வேட்டியை அதன்மேல் சுற்றி, மூன்று இடத்தில் கயிற்றால் கட்டினார்கள். மணப்பாறை பஸ்ஸில் கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க இது?"

"பட்டம்" என்றார் மாமா.

"நம்ம ஊர்ல மனுசனுக்குத்தாங்க வேட்டி கட்டுவோம்."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். காவிரிப் பாலத்தில் போகும்போது எட்டிப் பார்த்தேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் செம்மண் கலரில் தண்ணீர். இங்கேயே இவ்வளவு என்றால் கொள்ளிடத்தில்? மேட்டூர் நிரம்பி, மிச்சத் தண்ணீரையெல்லாம் அதில்தான் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் யாரிடமோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலை அம்மாவும் பெரியம்மாவும் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியுமாகக் காவிரிக்குக் கிளம்பிவிட்டார்கள். கொள்ளிடத்துக்கு அப்பா, மாமா, நான் மூன்று பேர்தான். மூட்டையைத் தூக்கத் தோதாக இருக்கட்டும் என்று பெரியம்மா வீட்டுத் துணி உலர்த்தும் மூங்கில் கழியை அதோடு சேர்த்துக் கட்டினார் அப்பா. தண்ணீரில்தானே இறங்கப் போகிறோம், சட்டை எதற்கு என்றார் மாமா. குளித்த ஈரத்தலையோடு, வெற்று மார்போடு, மூவரும் கிளம்பினோம். பெரியம்மா எங்களுக்கென்று ஒரு மண்பானையில் மோர் கலக்கி, வழியில் சிந்தாதபடி கயிற்று உறியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை என் கையில் கொடுத்து, "நீ முன்னால போ" என்றார்கள்.

போனேன். பின்னால் அப்பாவும் மாமாவும் வெள்ளைத் துணி சுற்றிய மூட்டையை மூங்கிலோடு தோளில் சுமந்து வந்தார்கள். கொள்ளிடக் கரைக்குப் போகிற அந்தப் பாதையில்தான் சுடுகாடும் இருந்தது.

முதலில் டீக்கடை ரேடியோ நின்றது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பினார். முடி வெட்டுகிற கடையிலிருந்து பாதி வெட்டிய தலையோடு ஒருவர் வெளியே வந்து நின்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூக்கார அம்மா ஒருத்தி ஓடிவந்து மூட்டைமேல் ஒரு முழம் சாமந்தியைப் போட்டுவிட்டு, என் கன்னத்தைத் தடவினாள்.

"இந்த வயசுலயா உனக்கு இப்படி? யாருப்பா கண்ணு?"

அப்போதுதான் உறைத்தது. முந்தின தை மாதம் தாத்தாவை இப்படித்தான் கொண்டுபோனோம். அப்பா இப்படித்தான் உறியில் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தார். என் கையைப் பார்த்தேன். உறி, சட்டி. பயத்தில் வாய் திறந்து அழுதேன். அத்தோடு, அதுவரை இருந்த ஒன்றிரண்டு பேரின் சந்தேகமும் தீர்ந்தது.

"பாவம், எதுவும் சொல்லத் தெரியல பிள்ளைக்கு" என்று அந்த அம்மாவும் அழுதாள்.

அப்பாவின் தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கினார் என்பது பிற்பாடு அவரே சொன்னது. மாமாவோ, வெளிநாட்டு வீரருக்கு உள்ளூர் மரியாதை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தலையை ஆட்டி வணக்கம் வாங்கிக்கொண்டு வந்தார்.

என் மூளை அன்றைக்குக் கிடுகிடுவென்று வேலை செய்தது. பரீட்சையில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஊரே எழுந்து நின்று வழியனுப்பிவிட்டது. பூவும் விழுந்துவிட்டது. ஆனால் மூட்டைக்குள் ஆள் இல்லை. அப்படியென்றால் இந்த மரியாதை யார் கணக்கில் சேரும்? யார் ஆற்றில் இறங்கப் போகிறாரோ அவர் கணக்கில். பானை மட்டும் உடையாமல் இருந்தால் போதும், மாமா பிழைத்துவிடுவார் என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கரை இறக்கத்தில் கால் மணலில் புதைந்தது. பானை நழுவி விழுந்து உடைந்துவிட்டது. மோர் முழுக்க மணல் குடித்தது.

"போச்சுடா!" என்றார் அப்பா. எனக்கு அது மாமாவைப் பற்றிச் சொன்னது போலக் கேட்டது.

கொள்ளிடம் எதிர்க்கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். மாமா அம்மியைவிட ஒல்லி. சைக்கிள் பம்பால் அப்பா காற்றடிக்க அடிக்க, பட்டம் மடிப்பு மடிப்பாக எழுந்து, படுத்திருந்த எருமை எழுந்து நிற்பதுபோல நின்றது. மாமா இடுப்பில் பட்டையைக் கட்டி, பலகையைத் தண்ணீர் ஓரத்தில் போட்டார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காற்றின் திசையைக் கணிக்கிறார் என்று அப்பா எனக்கு விளக்கினார்.

"என்ன மாப்ள, விட்டுறவா?" என்று பட்டத்தைப் பிடித்தபடி அப்பா கத்தினார்.

"இருங்க மச்சான்."

"இப்ப?"

"இருங்க மச்சான், ஒரு நிமிசம்."

கரையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் டீக்கடைக்காரரும் இருந்தார். பிணம் எங்கே என்று தேடி வந்திருப்பார். மாமா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பலகைமேல் ஒரு காலை வைத்தார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஓடிப்போய், பட்டத்தின் நடுவில் இருந்த காற்று மூடியைப் பிடுங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கொள்ளிடத்தில் எறிந்தேன். புஸ்ஸென்று சத்தம். எருமை மறுபடியும் படுத்துவிட்டது.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. மாமா நடுவில் வந்து நின்றார்.

"விடுங்க மச்சான், சின்னப் பய. பயந்துட்டான்." பிறகு கரையில் நின்றவர்களைப் பார்த்து உரக்க, "மூடி போச்சுங்க! இனி ஒண்ணும் பண்ண முடியாது. இல்லேன்னா முக்கொம்பு வரைக்கும் போயிட்டு வந்திருப்பேன்" என்றார்.

திரும்பி வருகிற வழியில், அப்பா மூங்கில் கழியோடு முன்னால் போய்விட, மாமா பையை இறக்கிவைத்து, என்னை ஒரு கடையில் உட்காரவைத்து ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். தன் தம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் அது மேஜையில் டகடகவென்று தாளம் போட்டது. ஆற்றங்கரைக் குளிர் என்றார். ஆடி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் குற்றத்துக்கு ஏதாவது பரிகாரம் செய்யவேண்டும் என்று தோன்றியது. பையை நோண்டினேன். உள்ளே ஒரு குட்டிப் பை இருந்தது, அதற்குள் மூடிகள் இருந்தன. நான் எறிந்ததைப் போலவே, அச்சு அசலாக, மூன்று.

"மாமா! இங்க பாருங்க, மூடி இருக்கு! வாங்க, திரும்பப் போகலாம்!"

மாமா சட்டென்று என் வாயைப் பொத்தினார். அப்பா திரும்பிப் பார்க்கிறாரா என்று தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு அந்த மூன்று மூடிகளையும் தன் வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, "இது வேறடா. வீட்ல போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார்.

கடைக்காரரிடம் திரும்பி, "பையனுக்கு இன்னும் ரெண்டு ரோஸ்மில்க் போடுங்க" என்றார்.

மூடியைத் தொலைத்ததற்கு ஒன்று, கண்டுபிடித்ததற்கு இரண்டு. எதற்காக இந்த மனிதர் என்மேல் இவ்வளவு பிரியமாக இருக்கிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஐந்தாம் தரமாகக் கொல்லைப்பக்கம் தேடி ஓடினேன்.