மைதானத்தில் எனக்குப் போட்ட நாற்காலி

ரங்கூனில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அதே கல்லூரியின் கால்பந்து அணிக்குக் கோச்சாக இருப்பது என் விதி.

விதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசிரியர் கூட்டம் ஒன்றுக்குப் பிந்திப் போனேன். போட்டாதாங்கிலிருந்து வந்த பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். தாமதமாக வருபவனுக்குக் கைதட்டுகிறார்களே, நல்ல இடம்தான் என்று நினைத்து உட்கார்ந்தேன். என்னைக் கோச்சாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பது தேநீர் வந்தபிறகுதான் தெரிந்தது.

அதுவரை நான் பந்தை உதைத்ததில்லை. புத்தகம் வாங்கிப் படித்துக் கற்றுக்கொண்டேன். நீச்சலையும் அப்படித்தான் கற்றேன். தண்ணீரில் இறங்காதவரை எனக்கு நன்றாக வரும். என் அணி ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். ஆனாலும் மாலை நாலு மணிக்கு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் போகும்போது, வகுப்பறையில் இருந்த மனிதன் வாசலிலேயே நின்றுவிடுவான். மழைக்காலத்தில் முட்டியளவு சேற்றில் பையன்கள் விழுந்து எழுந்து சிரிப்பதைப் பார்க்கச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று பலமுறை வியந்திருக்கிறேன். தலை நரைத்தது, வயிறு முன்னால் வந்தது. விசில் மட்டும் அப்படியே இருந்தது.

போன வருஷம் போட்டி நடத்துகிறவர்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் கோச்சிடம் பயிற்சியாளர் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அணிக்கு இடமில்லை. எங்கள் முதல்வர் என்னைக் கூப்பிட்டு, வேறு ஆள் போட வசதியில்லை, நான் தேறினால் அணி உண்டு, தேறாவிட்டால் அணியைக் கலைத்துவிடலாம் என்று மிகவும் இனிமையாகச் சொன்னார்.

இப்படியாக ஐம்பது தாண்டிய வயதில், தின்கன்ஜூன் பேட்டையில் இருக்கும் என் வீட்டில் மின்சாரம் வருகிற நேரம் பார்த்துப் படித்தேன். எழுத்துப் பரீட்சையில் பிரமாதப்படுத்தினேன். செய்முறைப் பரீட்சைதான் மிச்சம். ஓட வேண்டும், பந்தைக் கடத்த வேண்டும், மற்றவர்களை வைத்து ஒரு பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும்.

பரீட்சை நாள் காலையில் மைதானம் ஈரமாக இருந்தது. வரிசையில் நின்ற எல்லாரும் என்னைவிட இளையவர்கள். பரீட்சை நடத்துபவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். பார்த்தால், ஒரு காலத்தில் என் அணியில் வலதுபக்கத் தடுப்பாட்டக்காரனாக விளையாடிய மாணவன். அவன் முகம் சட்டென்று மாறியது. விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லார் முன்னாலும் ஈரப் புல்லில் மண்டியிட்டான்.

பர்மாவில் ஆசிரியரைக் கண்டால் அப்படித்தான். வருஷக்கணக்காகப் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை. அந்த வணக்கம் அல்லாவுக்கு மட்டும் என்று வாப்பா சொல்லி வளர்த்த பிள்ளை நான். தலை தரையைத் தொடுமுன் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

"சயா எதுக்கு இங்க வந்தீங்க?" என்றான். சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர்.

"பரீட்சைக்குத்தான்."

"சயாவுக்குப் பரீட்சையா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனான்.

கொஞ்ச நேரத்தில் மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. பின்னாலேயே தேநீர் வந்தது. மற்றவர்கள் ஓடினார்கள், வழுக்கி விழுந்தார்கள், திட்டு வாங்கினார்கள். நான் குடித்தேன். இந்த நாட்டில் ஆசிரியனாக இருப்பதைப்போன்ற சுகம் வேறெதிலும் இல்லை என்று நெகிழ்ந்துபோயிருந்தேன்.

பகல் இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு பள்ளி விளையாட்டு ஆசிரியர், எங்கள் பேட்டைக் கிறிஸ்தவத் தமிழர்.

"அண்ணே, உங்களுக்கு எப்ப?" என்றார்.

"எது?"

"ஓட்டம், பாஸு, எல்லாம்தான். உங்கள ஒண்ணுமே செய்யச் சொல்லலையே அவரு. செய்யாதவன் வராதவன் கணக்குண்ணே. உக்காந்த இடத்துலயே பெயிலு."

கோப்பையைப் புல்லில் வைத்தேன்.

பர்மியர்களுக்கு ஆனாடே என்று ஒரு குணம் உண்டு. மதிக்கிற மனிதருக்குச் சங்கடம் தரக் கூசுவது. அந்தக் கூச்சத்தில் என் மாணவன் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் அணியைக் கலைத்துக்கொண்டிருந்தான். கோபப்படவும் வழியில்லை, இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் தோற்கடித்ததில்லை.

ஒன்றும் செய்யாவிட்டால் நான் பெயில் என்று அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்க எல்லாம் செஞ்சதா நான் எழுதிடறேன், சயா."

அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பாதி பொய். முட்டி இரண்டும் உடனே சம்மதித்தன. ஆனால் உட்கார்ந்தே வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு திங்கள்கிழமை பையன்களை எப்படி ஓடச் சொல்வது?

"வேண்டாம். என்னை ஓட விடு. மத்தவங்களை அதட்டுன மாதிரி அதட்டு."

முயன்றான். பாவம், நிஜமாகவே முயன்றான். "சயா, சிரமம் இல்லேன்னா, முடிஞ்சா மட்டும், அந்தப் பக்கமா கொஞ்சம் ஓடிப் பார்க்கலாமா?" பர்மிய மொழியின் அத்தனை பணிவும் அந்த வாக்கியத்தில் இருந்தது. வாக்கியம் முடிவதற்குள் பந்து சாக்கடைக்குப் போய்விட்டது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. எதையோ யோசிப்பவன்போலக் கண்ணை மூடித் திறந்தான். பிறகு தமிழில் கத்தினான்.

"டேய் எருமை. பந்து என்ன உன் மாமியாரா? பாத்ததும் ஒதுங்குற?"

உச்சரிப்பு பர்மியம். சரக்கு என்னுடையது. பையன்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் மைதானத்தில் நான் தமிழில் திட்டுவது வழக்கம். புரிந்தது மட்டுமல்ல, மனப்பாடமும் ஆகியிருக்கிறது. பர்மிய மொழியில் சயாவை அதட்ட அவனுக்கு வாய் வரவில்லை. தமிழுக்கு ஆனாடே கிடையாது போலிருக்கிறது.

ஓடினேன்.

"இடுப்புல அண்டா கட்டிருக்கியா? காலைத் தூக்குடா."

தூக்கினேன். பந்தைக் கடத்தினேன், சில சமயம் அது போக வேண்டியவரிடமே போனது. இளைஞர்களை முக்கோணமாக நிறுத்திப் பயிற்சி நடத்தினேன். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். வழுக்கி விழுந்தபோது யாரும் ஓடிவந்து தூக்கவில்லை. அன்று கிடைத்த மரியாதைகளிலேயே உயர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பள்ளி ஆசிரியர் மட்டும், எல்லாத் திட்டும் புரிந்த ஒரே ஆள் என்பதால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முடிந்ததும் அவன் மறுபடி பர்மியனாகிக் கைகட்டிக்கொண்டு வந்தான்.

"சயா பாஸ். பயிற்சி நடத்தினதுல நல்ல மார்க். ஓட்டத்துல..." கொஞ்சம் கூசினான். "ஓட்டத்துலயும் பாஸ், சயா. ஒட்டிக்கிட்டு."

"நீ ஒரு அணி சேர்த்தா அதுல ஆட என்னை எடுப்பியா?"

"இல்ல, சயா," என்றான், கொஞ்சமும் தயங்காமல்.

அந்த ஒரு பதிலுக்காகவே மற்றதையெல்லாம் நம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தலையிலும் சேறு இருந்தது.

"தேறிட்டீங்களா?"

"தேறிட்டேன்."

"அப்ப இன்னும் எத்தனை மழைக்கு இந்தச் சேத்த நான் தொவைக்கணும்?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தாள்.

கரண்ட் போவதற்குள் தண்ணீர் பிடிக்க வேண்டும். சட்டையைக் கழற்றிக்கொண்டே பின்னால் போனேன்.