அம்மன் கோயில் மணியைப் பெட்டியில் பிடித்த நாள்

எங்கள் தெரு அம்மன் கோயில் மணியில் விரிசல் விழுந்துவிட்டது. அடித்தால் முதலில் டாங்கென்று நன்றாகத்தான் எழும்பும். அப்புறம் ஓட்டைத் தகரம் மாதிரி சளசளவென்று இழுக்கும். அதை உருக்கிப் புது மணி வார்ப்பதென்று ஊரில் முடிவாயிற்று. வார்த்து வர மூன்று மாதம் ஆகுமாம்.

சாயங்காலம் கயிறு இழுத்து மணி அடிப்பது என் வேலை. அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் என் வீட்டுக்காரி விளக்கேற்றுவாள். விளக்கேற்றினால்தான் சாப்பிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி. இப்போது கால் முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறாள். அவளுக்குக் கோயில் என்றால் அந்த மணிதான். சேதியைச் சொன்னதும், "அப்ப மூணு மாசம் நான் பட்டினியா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போனில் ஏதோ ஒரு கோயில் மணியைப் போட்டுக் காட்டினேன்.

"அது எந்த ஊரு அம்மனோ! எங்கம்மா கொரலு எனக்குத் தெரியாதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சென்னையில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலையிலேயே உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். கையில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. திறந்தால் துணிமணி ஒன்றும் இல்லை. வரிசை வரிசையாகக் குமிழ்களும் துளைகளும், ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குப் போகும் கலர் கலரான ஒயர்களும்தான். மாடுலர் சிந்தசைசராம், விதவிதமாகச் சத்தம் உண்டாக்கும் யந்திரம். அதன் மூலையில் இருந்த சாம்ப்ளரைத் தொட்டுக் காட்டினாள்.

"நைனா, நாம குடுக்கிற சத்தத்த இது வாங்கி வெச்சிக்கும். அப்பறம் வெட்டலாம், இழுக்கலாம், திருப்பிப் போடலாம்."

"விரிசல எடுத்துட்டு மணிய மட்டும் குடுக்குமா?"

"பாக்கலாம் நைனா."

அடுத்த நாள் மணியை ஏற்றிப் போக வண்டி வருகிறது. இருந்தது அந்த ஒரு நாள்தான். ஆனால் அவள் வந்து சேர்வதற்குள் நானும் பூசாரியும் ஒரு காரியம் செய்து வைத்திருந்தோம். அம்மனுக்கு அத்தனை வருஷம் உழைத்த மணியை வெறுமனே அனுப்பலாமா? மஞ்சளும் சந்தனமும் பூசி, புதுத் துணி சுற்றி, மாலை போட்டுத் தீபாராதனையும் காட்டிவிட்டோம்.

மகள் மைக்கை நீட்டி, "அடி நைனா" என்றாள். கயிற்றை இழுத்தேன். தொப்! தலையணையைத் தட்டின மாதிரி.

"இன்னா பண்ணி வெச்சிக்கிறீங்க ரெண்டு பேரும்? அதுக்கு மூச்சு முட்டுது! துணிய அவுருங்க."

பூசாரி மறித்தார். "பூஜை போட்டுக் கட்டுனத சும்மா அவுக்கக் கூடாதும்மா. அபிஷேகம் பண்றதுக்குன்னா அவுக்கலாம்."

சரியென்று குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தேன். பூசாரி ஸ்டூல் மேல் ஏறித் துணியை அவிழ்த்து, பித்தளைச் செம்பில் மொண்டு மொண்டு ஊற்றினார். மஞ்சளும் சந்தனமும் கரைந்து ஓடின. கடைசிச் செம்பு கை நழுவி, விரிசலுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் மோதியது.

டோங்...

அந்த மாதிரி ஒரு சத்தத்தை அந்த மணியிடம் நான் கேட்டதே இல்லை. மணியின் நாக்கு இத்தனை வருஷமும் அடித்த இடத்திலேயே அடித்துத்தான் அங்கே விரிசல் விட்டிருக்கிறது. அடிபடாத பக்கம் புதுசாகவே இருந்திருக்கிறது! மகள் மைக்கைப் பிடித்தபடி, யாரும் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினாள். சத்தம் முழுசாக அடங்கின பிறகு ஒரு குதி குதித்தாள்.

"நைனா! மாட்டிக்கிச்சு!"

சத்தத்தைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தோம். மெதுவாக ஓட்டினாள்; கிணற்றுக்கு அடியிலிருந்து மணி அடித்தது. பின்னாலிருந்து ஓட்டினாள், ஒன்றுமில்லாததிலிருந்து எழும்பி, வளர்ந்து, வந்து டங்கென்று நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அணைஞ்ச கற்பூரம் தானா பத்திக்கிற மாதிரி கீதே!" என்று பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வால்பக்கம் கொஞ்சம் சளசளப்பு மிச்சமிருந்தது. அதை வெட்டிவிட்டு, அதற்கு முந்தின நல்ல துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். முழு மணி! நான் ஆசையில் ஒரு குமிழைத் திருகினேன். மணி தவளையாகிவிட்டது.

"ஏரிக்கு அனுப்பிடலாம் மாமா" என்று பூசாரி சிரித்தார்.

மறுநாள் வண்டி வந்து மணியை ஏற்றிப் போயிற்று. அன்று சாயங்காலம் மகள் பெட்டியைக் கோயில் ஸ்பீக்கரில் இணைத்தாள். "இந்தப் பட்டன் மட்டும்தான் நைனா. கொமிழத் தொடாத." பூசாரி கற்பூரத்தட்டைத் தூக்கினார். தாயே என்று பட்டனை அமுக்கினேன். டோங்! தெரு முழுக்கப் போயிற்று. இன்னொன்று. மூன்றாவதில் பழக்கதோஷம், இல்லாத கயிற்றை இடது கை பிடித்து இழுக்கப் போய் முழங்கை குமிழில் பட்டுவிட்டது. தவளை! மகள் பாய்ந்து வந்து குமிழைத் திருப்பினாள். மிச்சமெல்லாம் மணியாகவே அடித்தது.

திருநீறு வாங்கியதும் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலோரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் மடியில் தட்டோடு சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?"

"எங்கம்மா கொரலு கேக்காம போவுமா? நடுவுல ஒரு தவள கத்துச்சே, அதுக்கும் ஒரு கும்புடு போட்டுட்டேன். நிக்காத, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."