நான்கு பிள்ளைகளின் சராசரி

சீதாலெட்சுமி போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தார். கணவர் இறந்துவிட்டார். நான்கு பிள்ளைகளும் ஆரம்பப் பள்ளியில். மின்சாரம் இல்லாத பலகை வீடு. மாநிலத்தில் எத்தனை குழந்தைகள் வறுமையில் இருக்கிறார்கள் என்று மதிப்பிட 1984இல் எங்கள் அலுவலகம் கணக்கெடுத்தபோது, குலுக்கலில் அவர் வீடு விழுந்தது. அந்த ஒரு வீடு 390 வீடுகளுக்குச் சமம் என்பது எங்கள் விதி. இது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நான்கு நாற்காலி இரவல் வாங்கியிருப்பார்.

ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, மாலை 4.10க்குக் கணக்கெடுப்பாளர் பக்கிரிசாமி போனார். முன்கூட்டியே கடிதம் போயிருந்தது. அந்தப் பலகை வீட்டு வரிசையில் ஒரு வீட்டுக்கு அரசாங்க ஆள் வந்தால், அவர் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி. பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி தன் தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். மூன்றாம் வீடு நாற்காலி, ஐந்தாம் வீடு மைலோ பானத்தூள் டின், கடைசி வீடு கோழிக் குழம்பு. பிள்ளைகள் தீபாவளிச் சட்டையில் நின்றார்கள். சம்பளத்தைக் கேட்டபோது வாசலில் பதினேழு பேர் நின்றதால், சீதாலெட்சுமி அதை இரட்டிப்பாகச் சொன்னார்.

பக்கிரிசாமி நேர்மையானவர். கண்டதையும் எழுதினார், உண்டதையும் எழுதினார். மின்சாரம் இல்லை, தொலைக்காட்சி உண்டு. கார் பேட்டரியில் ஓடும் என்று ஓரத்தில் குறித்தார். ஆக, அன்று மாலை 5.25க்குள் 1,560 குழந்தைகள் வறுமைக் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டார்கள். வேறெந்தத் திட்டமும் அவ்வளவு விரைவாக வேலை செய்ததாக என்னிடம் குறிப்பு இல்லை. எங்கள் தலைமை எழுத்தர், பெரிய கிராணி சோமசுந்தரம் மகிழ்ந்துபோய் அலுவலகம் முழுவதற்கும் கரிபாப் பலகாரம் வாங்கித் தந்தார்.

மாநிலம் முன்னேறிவிட்டதால், மறு ஆண்டு அந்தப் பள்ளியில் இலவச மதிய உணவு அறுபது பிள்ளைகளிலிருந்து நாற்பதாகக் குறைக்கப்பட்டது. நீக்கப்பட்ட இருபதில் சீதாலெட்சுமியின் நால்வரும் அடக்கம். ஜனவரி 21ஆம் தேதி அவர் எங்கள் அலுவலக முகப்புக்கு வந்தார். நான் பக்கிரிசாமி நிரப்பிய கணக்கெடுப்புப் பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். சோமசுந்தரம் படித்துக் காட்டினார்.

“டிவி இருக்கு, கோழி இருக்கு. கணக்குப்படி நீங்க ஏழை இல்லம்மா.”

“டிவி தனலெட்சுமியோடது லா. வந்தவர வெறும் பலகையிலயா உக்கார வைப்பாங்க?”

“கணக்குல அப்படித்தான் இருக்கு.”

“அப்ப அந்தக் கணக்கையே எம்பிள்ளைங்களுக்குச் சோறு போடச் சொல்லுங்க, அங்கிள்.”

சோமசுந்தரம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். பிப்ரவரி 19ஆம் தேதி பக்கிரிசாமி மீண்டும் போனார். இம்முறை தொலைக்காட்சியோடு வந்த தனலெட்சுமியைச் சீதாலெட்சுமி வாசலிலேயே நிறுத்திவிட்டார். வரிசையின் மானத்தையே வாங்குகிறாள் என்று தனலெட்சுமி இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. பக்கிரிசாமி தரையில் உட்கார்ந்து சீனியில்லாத தேநீர் குடித்தார். உண்மையான சம்பளத்தைத் தாழ்ந்த குரலில் கேட்டு எழுதிக்கொண்டார். இந்தப் பாரத்திலும் ஒரு பிழை கிடையாது.

அதுதான் சிக்கலாகிவிட்டது. முதல் பாரம் அறிக்கையில் அச்சேறிவிட்டது, தவறாக இருக்க முடியாது. இரண்டாவது கையொப்பத்தோடு இருக்கிறது, அதுவும் தவறாக இருக்க முடியாது. முதலாவதில் ஏழைக் குழந்தை யாருமில்லை, இரண்டாவதில் நான்கு பேர். சோமசுந்தரம் ஒரு நாள் முழுக்க யோசித்து, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கச் சொன்னார். சீதாலெட்சுமியின் பிள்ளைகளில் இரண்டு பேர் ஏழைகள் என்று மார்ச் 4ஆம் தேதி பள்ளிக்குக் கடிதம் போனது.

அவர் மறுபடி வந்து ஒரே கேள்விதான் கேட்டார். “எந்த ரெண்டு பேரு?”

“அது மதிப்பீட்டுல வராதும்மா,” என்றார் சோமசுந்தரம்.

சீதாலெட்சுமி அதைத் தானே மதிப்பிட்டுக்கொண்டார். திங்களும் புதனும் மூத்தவர்கள் இருவர் உணவு வரிசையில் நின்றார்கள். செவ்வாயும் வியாழனும் இளையவர்கள் இருவர். தலைமையாசிரியர் தலைகளை மட்டும் எண்ணினார், முகங்களைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை யார் ஏழை என்பதில் மட்டும் அந்த வீட்டில் வாரந்தோறும் சண்டை நடந்தது.